எண்ணெய்க்கடி

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிந்து, பாறசாலை வருவதற்குள் கேரளம் தொடங்கிவிடுகிறது. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லை தாண்டியதைக் கடைப் பலகைகளின் எழுத்துதான் சொல்ல வேண்டும். சாயக்கடைக் கண்ணாடி அலமாரியை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே அலமாரி. அதற்குள் அதே பருப்பு வடை, அதே உள்ளி வடை, நீளவாக்கில் கீறி மாவில் தோய்த்துப் பொரித்த அதே நேந்திரம்பழம். 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவழியாக மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் பக்கத்து நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அலமாரிக்குள் இருப்பவை மட்டும் பிரியவே இல்லை.

பெயர்கள்தான் கொஞ்சம் மாறும். கேரளம் முழுக்கப் பழம்பொரி என்று சொல்லப்படுவது நெய்யாற்றின்கரைப் பக்கம் ஏத்தக்காப்பம் ஆகிவிடுகிறது. பயறும் சர்க்கரையும் உருட்டி மாவில் முக்கிப் பொரித்த உருண்டையை வடக்கே சுகியன் என்பார்கள். திருவனந்தபுரத்தார் அதை மோதகம் என்கிறார்கள். நாகர்கோவில் சாயக்கடையிலும் அதே மோதகம்தான். சாயாவோடு கடித்துக்கொள்வதால் இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், ‘கடி’. எண்ணெயில் பொரித்ததானால் எண்ணெய்க்கடி. மலையாளத்தில் பிறந்த சொல்தான். ஆனால் குமரி மாவட்டத்துக்காரர் யாருக்கும் அதற்கு அகராதி வேண்டியதில்லை.

இந்தப் பயணம் அந்த எண்ணெய்க்கடியைத் தேடித்தான். பயணி நாகர்கோவில்காரர், வயது ஐம்பதைத் தாண்டியவர், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று சொல்லப்பட்டவர். உடம்புக்கு ஆகாது என்று நன்றாகத் தெரிந்த ஒன்றின் மேல் ஒரு முழு வட்டாரத்துக்கும் ஏன் இத்தனை பிரியம் என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. போக வேண்டிய ஊராக அவர் குறித்துக்கொண்டது காஞ்சிரங்குளம்.

பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று தேசிய நெடுஞ்சாலை 66 போகிறது. அமரவிளைப் பாலத்துக்குக் கீழே நெய்யாறு. நெய்யாற்றின்கரையில் இறங்கித் தென்மேற்கே போகும் பேருந்தைப் பிடித்தால் பத்துக் கிலோமீட்டருக்குள் காஞ்சிரங்குளம். ரப்பரும் தென்னையும் வாழையும் மாறி மாறி வருகிற மேடு பள்ளமான சாலை. காஞ்சிரம் என்பது எட்டி மரம். கொட்டையில் நஞ்சு உள்ள கசப்பு மரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். இன்னும் கொஞ்சம் போனால் புல்லுவிளைக் கடற்கரை, தெற்கே நெய்யாறு கடலில் சேருகிற பூவார்ப் பொழி. மீன்பிடிப்பவர்கள், தறிக்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள், குஞ்ஞுகிருஷ்ணன் நாடார் நினைவு அரசுக் கல்லூரி மாணவர்கள் எனப் பலதரப்பட்ட பசி கூடும் சந்திப்பு அது.

அந்தச் சந்திப்பின் சாயக்கடையில் மூன்றரை மணிக்கு அலமாரி காலியாக இருக்கும். காலையில் போட்ட வடையில் மிச்சம் இரண்டு, மேல் தட்டில் ஒரு பப்பட வடை, அவ்வளவுதான். கடைக்கார அக்கா அடுப்பில் சீனிச்சட்டியை ஏற்றுகிறார். பக்கத்தில் வாழைக்குலையிலிருந்து இணுங்கி வைத்த நேந்திரம்பழங்கள் மஞ்சளைத் தாண்டி உடம்பெங்கும் கரும்புள்ளி விழுந்து கிடக்கின்றன. பார்க்க அழகான பழம் இதற்கு ஆகாது. தோல் கறுத்து, தொட்டால் அமுங்குகிற பக்குவத்துக்கு வந்த பிறகுதான் அதில் மாவுத்தன்மை குறைந்து இனிப்பு ஏறியிருக்கும். ஒரு பழத்தை நீளவாக்கில் இரண்டாகவோ மூன்றாகவோ கீறுகிறார். மைதா, கொஞ்சம் அரிசி மாவு, சீனி, ஒரு சிட்டிகை உப்பு, நிறத்துக்கு மஞ்சள். மாவு, தோசை மாவை விடக் கெட்டியாக இருக்கிறது. சில வீடுகளில் மொறுமொறுப்புக்காக ஒரு கரண்டி புளித்த தோசை மாவும் கலப்பதுண்டு.

ஒரு சொட்டு மாவை எண்ணெயில் விட்டுப் பார்க்கிறார். அது அடியில் போய்த் தங்காமல் உடனே சீறிக்கொண்டு மேலே வந்தால் சூடு பதம். வெப்பமானியில் பார்த்தால் 170, 180 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும். வெப்பமானி எதுவும் கடையில் இல்லை.

“எந்தரு வேணும் அப்பீ?”

பக்கத்தில் நிற்கும் கல்லூரிப் பையனிடம் அவர் கேட்கும் ‘எந்தரு’வும் ‘அப்பீ’யும் திருவனந்தபுரம் வட்டாரத்துக்கே உரிய பேச்சு. அடுத்த நொடியே நாகர்கோவில்காரரின் தமிழைக் கேட்டு, “கொஞ்சம் பொறுக்கணும் அண்ணா, பொள்ளும்,” என்கிறார். இந்த வட்டாரத்தில் வயதில் மூத்தவர் அண்ணன், கடைக்காரி அக்கா. வடக்கே போகப்போகத்தான் சேட்டனும் சேச்சியும் கேட்கத் தொடங்கும்.

சட்டிக்குள் நடப்பது சாதாரணமல்ல. மாவில் இருக்கும் ஈரம், எண்ணெயின் சூட்டில் ஆவியாகிப் பீறிட்டு வெளியேறுகிறது. சலசலவென்று கேட்கும் சத்தமும் குமிழியும் அந்த ஆவிதான். அது வெளியே வந்துகொண்டிருக்கும் வரை எண்ணெய் உள்ளே புகுவது கடினம். மேற்பரப்பில் ஈரம் வற்றியபின் சூடு ஏறி, சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மயார் விளக்கிய வினை அது. அவர் பெயரிலேயே இன்றும் வழங்குகிறது. வெளியே இத்தனை அமர்க்களம் நடக்கும்போது உள்ளே இருக்கும் பழம் நூறு டிகிரிக்கு மேல் போவதில்லை. அதனால்தான் ஓடு நொறுங்குகிறது, பழம் குழைந்து நாவில் கரைகிறது. எண்ணெய் பெருமளவு உள்ளே போவது சட்டியிலிருந்து எடுத்த பிறகுதான். ஆவி அடங்கிக் குளிரும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடம், மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் எண்ணெயை இழுத்துக்கொள்கிறது. கண்ணாப்பையில் அள்ளி எடுத்து இரண்டு உதறு உதறி ஒரு கணம் சட்டிக்கு மேலேயே பிடித்திருக்கும் அக்காவின் கை, ஆய்வுக்கூடம் சொல்வதை வெகுகாலமாகச் செய்துவருகிறது.

முதல் கடியில் கேட்பது சத்தம். ஆக்ஸ்ஃபோர்டு உளவியலாளர் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் 2004இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உருளைக்கிழங்கு சிப்ஸைக் கடிக்கும்போது கடிப்பவர் காதில் விழும் நொறுங்கும் ஒலியை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். ஒலி கூடியபோது அதே சிப்ஸ் புதிதாகவும் மொறுமொறுப்பாகவும் பட்டது. குறைந்தபோது நமத்துப்போனதாகப் பட்டது. நாக்கு பாதி, காது பாதி. நமத்த அப்பளத்தை யாரும் விரும்பாததற்குக் காரணம் சுவை குறைந்தது மட்டுமல்ல.

இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. கொழுப்பு மட்டும் உள்ள உணவு, மாவுச்சத்து மட்டும் உள்ள உணவு, இரண்டும் சேர்ந்த உணவு ஆகியவற்றை மக்கள் முன் வைத்து, அவர்கள் மூளை எப்படிப் பதில் சொல்கிறது என்று யேல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவு: கலோரி ஒன்றாக இருந்தாலும், இரண்டும் சேர்ந்ததற்கே மக்கள் கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருந்தார்கள். இயற்கையில் கொழுப்பும் மாவும் ஒரே பண்டத்தில் நிறையச் சேர்ந்து கிடைப்பது அரிது. தேங்காயில் கொழுப்பு உண்டு, வாழையில் மாவும் சர்க்கரையும் உண்டு. இரண்டையும் ஒரே கடியில் சேர்த்தது சீனிச்சட்டி. நெய்யாற்றின்கரை மண்ணில் தென்னையும் வாழையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏத்தக்காப்பம் இங்கே பிறக்காமல் வேறெங்கே பிறந்திருக்கும் என்று பயணிக்குத் தோன்றியது.

ஆனால் இந்த விளக்கங்கள் எல்லாவற்றையும் கேட்ட பிறகும் ஒன்று மிச்சம் இருக்கிறது. மூளைக்குப் பிடித்தது என்றால் தினமும் பிடித்திருக்க வேண்டும். எண்ணெய்க்கடி தினசரிப் பண்டமானது அண்மையில்தான்.

பயணியின் அம்மாவுக்கு இப்போது எண்பது வயது. அவருடைய இளமையில் பொரித்த பலகாரம் என்றால் ஓணம், கிறிஸ்துமஸ், கல்யாணம் இவைதான். இந்த வட்டாரத்தில், எல்லைக்கு இரு பக்கமும், அடுக்களை காணல் என்றொரு சடங்கு உண்டு. மணமாகிப் போன பெண்ணின் புது அடுக்களையைக் காண அவள் வீட்டார் பாத்திரமும் பலகாரமுமாகப் போவார்கள். பெட்டி பெட்டியாகப் போகும் அந்தப் பலகாரங்களில் முதலிடம் முந்திரிக்கொத்துக்கு. சிறுபயறை வறுத்துப் பொடித்து, தேங்காயும் ஏலமும் சேர்த்துக் கருப்பட்டியோ சர்க்கரையோ பாகு காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் உருட்ட வேண்டும். ஆறினால் உதிரும், சூடாக இருந்தால் கை பொள்ளும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து உருட்டுவார்கள். பிறகு அரிசி மாவுக் கரைசலில் மூன்று மூன்றாக முக்கி எண்ணெயில் விட, அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்துப்போல் வரும். திராட்சைக்கு இங்கே முந்திரி என்று பெயர். முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு இல்லாத காரணம் அதுதான். வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்கிற கேள்விக்கு இதுவே பதில்.

பாகும் வறுத்த பயறும் சேர்ந்து ஈரம் குறைவாக இருப்பதால் முந்திரிக்கொத்து வாரக்கணக்கில் கெடாது. அச்சு முறுக்கும் அப்படித்தான். பூ வடிவ அச்சைச் சூடான எண்ணெயில் காய வைத்து, மாவில் தோய்த்து, மறுபடி எண்ணெயில் விட்டு உதறி எடுக்கிற அது, குமரியிலும் திருவனந்தபுரத்திலும் கிறிஸ்தவ வீடுகளின் கிறிஸ்துமஸ் தகர டின்களில் வருடம் தவறாமல் இருக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பொரித்தெடுப்பது ஒரு சேமிப்பு முறையும்கூட.

ஓணத்துக்கு உப்பேரி. பச்சை நேந்திரங்காயை வட்டமாகச் சீவித் தேங்காயெண்ணெயில் போட்டு, பாதி வெந்ததும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரை அந்தக் கொதிக்கும் எண்ணெயிலேயே ஊற்றுவார்கள். பார்ப்பவர் இரண்டடி பின்வாங்குவார். சட்டி ஒரு நிமிடம் பொங்கிக் கத்தும்; தண்ணீர் முழுக்க ஆவியானதும் அடங்கும், உப்பு மட்டும் துண்டுகளில் ஒட்டியிருக்கும். நாகர்கோவில் சிப்ஸ் கடைகளில் இந்தக் காட்சியைத் தெருவில் நின்றே பார்க்கலாம். உப்பேரியின் இன்னொரு வகை, சுக்கும் சீரகமும் சர்க்கரைப் பாகும் போர்த்திய சர்க்கரை வரட்டி. ஓண விருந்தில் இலையின் ஓரத்தில் இரண்டும் ஒரு கை அளவுதான் விழும். வடக்கே கொல்லம் மாவட்டத்துக் கொட்டாரக்கரைக் கணபதி கோவிலில் உண்ணியப்பம் நிவேத்தியமாகவே பொரிக்கப்படுகிறது. ஒரு பண்டம் எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு, அதைக் கடவுளுக்குக் கொடுத்துவிட்டு உண்பதை விட வேறு அளவு என்ன வேண்டும்?

மதிப்புக்கு அடியில் ஒரு கணக்கும் இருந்தது. ஒரு சட்டி தேங்காயெண்ணெய் ஏழை வீட்டுக்குப் பெரிய செலவு. தேங்காய் பறித்து, கொப்பரை காய வைத்து, செக்கில் ஆட்டி வந்த எண்ணெயை அள்ளி ஊற்றிப் பொரிக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணத்தைப் பண்டிகை தந்தது.

செலவு போட்டிருந்த அந்தப் பூட்டைத் திறந்தது மலேசியாவிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த பாமாயில். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் பாமாயில் கிடைக்கிறது. லிட்டர் 25 ரூபாய். தென்னை விவசாயிகள் அதற்குப் பதிலாகத் தேங்காயெண்ணெய் கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டுச் சோர்ந்திருக்கிறார்கள். மறுபக்கம் தேங்காயெண்ணெயின் விலை 2025இன் நடுவில் கேரளத்தில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. சாயாவோடு சில்லறைக் காசுக்குக் கடி விற்கிற கடை என்ன செய்யும்? காஞ்சிரங்குளத்து அக்காவிடம் எந்த எண்ணெய் என்று பயணி கேட்டபோது, அவர் மறைக்கவில்லை. “வெளிச்செண்ணெய் வீட்டுக்கு மாத்திரம் அண்ணா,” என்றார், தேங்காயெண்ணெயைச் சொல்லி.

தேங்காயெண்ணெய் போய்ப் பாமாயில் வந்ததால்தான் உடம்பு கெட்டது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் வருத்தம் நியாயமானது, கணக்கு அவ்வளவு நேரானதல்ல. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் பாதியளவு. நாள் முழுக்க உண்ணும் மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்னோர்களைக் காத்தது அவர்களுடைய எண்ணெய் அல்ல. வருடத்தில் அவர்கள் பொரித்த நாட்களின் எண்ணிக்கை. வயலிலும் கடலிலும் அவர்கள் செய்த வேலையும்தான்.

பண்டிகை தினசரியான பிறகு என்ன ஆயிற்று என்பதற்கு எண் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய நீரிழிவு ஆய்வு முடிவுகள் 2023இல் வெளியாயின. நாட்டில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு, கேரளத்தில் 25.5 சதவீதம். நான்கில் ஒருவர். எண்ணெய்க்கடி மட்டும் இதற்குக் காரணமில்லை. வெள்ளை அரிசி உண்டு, உட்கார்ந்து பார்க்கும் வேலை உண்டு, மரபும் உண்டு. ஆனாலும் நாலு மணிக்கு அந்தக் கடையில் நிற்கும் பன்னிரண்டு பேரில் மூன்று பேரையாவது இந்தக் கணக்கு தொடுகிறது, பயணியையும் சேர்த்து. அந்த நினைப்போடுதான் அவர் இரண்டாவது ஏத்தக்காப்பத்தை வேண்டாம் என்றார். அந்த ‘வேண்டாம்’ எளிதாக வரவில்லை.

கேரள அரசு இதை வரியால் தடுக்க ஒருமுறை பார்த்தது. 2016 ஜூலை 8ஆம் தேதி நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தாக்கல் செய்த பட்ஜெட்டில், பெருநிறுவன உணவகங்களில் விற்கும் பர்கர், பீட்சா, டோனட் போன்றவற்றுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி. இந்தியாவில் அதுவே முதல். அடுத்த ஆண்டு ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி அதில் கரைந்துபோனது. டென்மார்க் 2011இல் கொண்டுவந்த கொழுப்பு வரியும் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் கைவிடப்பட்டது. கவனிக்க வேண்டியது, கேரளத்து வரி சாயக்கடை அலமாரியைத் தொடவில்லை என்பது. பழம்பொரிக்கு வரி போட எந்த அமைச்சருக்கும் மனம் வராது. வரக்கூடாது என்பதே இந்தக் கட்டுரையின் எண்ணமும். ஒரு நாளின் உழைப்புக்குப் பிறகு பத்துப் பதினைந்து ரூபாயில் சூடாக ஒன்றைக் கடிக்கிற மனிதனிடம் அதிகாரத்தோடு போய் நிற்பது முறையல்ல.

பிரியம் எவ்வளவு சிறுவயதில் தொடங்குகிறது என்பதைக் கேரளம் முழுவதும் 2025இன் தொடக்கத்தில் பார்த்தது. அங்கன்வாடியில் உப்புமா வேண்டாம், பிரியாணியும் பொரிச்ச கோழியும் வேண்டும் என்று ஒரு சின்னப் பையன் மழலையில் கேட்ட காணொளி வீடு வீடாகப் போயிற்று. சுகாதார அமைச்சர் வீணா ஜார்ஜ் அதைக் கேட்டார். சில மாதங்களில் அங்கன்வாடிகளுக்குப் புதிய உணவுப் பட்டியல் வந்தது. முட்டை பிரியாணி இடம்பிடித்தது, சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. பொரிச்ச கோழி வரவில்லை. அழகான தீர்ப்பு.

பொரிச்ச கோழி என்றால் திருவனந்தபுரத்துக்காரர் மனம் சாலை பஜாரில் போய் நிற்கும். அங்குள்ள ரஹ்மானியா ஹோட்டலின் சின்னக் கோழியும், அதன் மேல் தூவி வரும் மொறுமொறுத்த மசாலாப் பொடியும் பேர்போனவை. கெட்டிலில் சாயா விற்றுத் தொடங்கியவரின் கடை என்பதால் ‘கெத்தேல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் ஜெயமோகனின் ‘சோற்றுக்கணக்கு’ வழியாகத் தெரியும். கணக்குப் பார்க்காமல் சோறிட்ட கெத்தேல் சாகிபின் கதை. காஞ்சிரங்குளத்துக்கு இன்னும் பக்கத்தில், பாலராமபுரம் – விழிஞ்ஞம் பாதையில், கட்டச்சல்குழி நாட்டுக்கோழிக்குப் பெயர் வாங்கிய இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் திருவனந்தபுரத்திலிருந்து கார்கள் அந்தச் சின்ன ஊருக்கு வருகின்றன.

ஆகாததென்று தெரிந்தும் தேடிப்போவது இந்த மண்ணின் தனிக்குணமல்ல. ஸ்காட்லாந்தில் ஸ்டோன்ஹேவன் என்ற கடலோர ஊரின் மீன்வறுவல் கடையில், மார்ஸ் சாக்லேட் கட்டியை மாவில் தோய்த்துப் பொரிக்கிற பழக்கம் 1990களில் தொடங்கியது. 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு கணக்கெடுப்பின்படி, ஸ்காட்லாந்தில் கேட்கப்பட்ட கடைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று அதை விற்றது. டெக்சஸ் மாநிலச் சந்தையில் பொரித்த பண்டங்களுக்கு 2005 முதல் போட்டியே நடக்கிறது; 2009இல் பரிசு வாங்கியவற்றுள் ஒன்று பொரித்த வெண்ணெய். நம் விருதுநகரில் பரோட்டாவைக் கல்லில் சுட்டதோடு விடாமல் எண்ணெயில் முழுக்கிப் பொரித்து எடுக்கிறார்கள். எண்ணெய் வணிகத்தில் பேர்பெற்ற ஊருக்கு அது பொருத்தம்தான். டெக்சஸ் பொரித்த வெண்ணெயில் ஒரு சாகசம் இருக்கிறது, பார் எவ்வளவு தூரம் போகிறோம் என்கிற சவால். சாயக்கடைக் கடியில் சவால் இல்லை. அங்கே யாரும் யாரையும் வியக்க வைக்கவில்லை. நாலு மணி ஆகிறது, பசிக்கிறது, பக்கத்தில் தெரிந்தவர் நிற்கிறார்.

உண்மையில் அஞ்ச வேண்டியது அலமாரியில் இல்லை, அடுப்பில் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடைந்து, கறுத்து, கெட்டியாகி, சீக்கிரமே புகையத் தொடங்குகிறது. இப்படி உடைந்த பொருட்களின் அளவு எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டமும் வந்தது. பெரிய உணவகங்களிலிருந்து எண்ணெய் அப்படிப் போகிறது. ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் புழங்குகிற சாயக்கடைக்கு அந்த வண்டி வருவதற்கு யாராவது வழி செய்ய வேண்டும். உடம்புக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவாகத்தான் இருக்கும். பலகாரத்தை நிறுத்தச் சொல்வதை விட, பழைய எண்ணெயை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வது நடக்கக்கூடியது.

இன்னொன்று, காகிதம். செய்தித்தாளில் உணவைப் பொதியாதீர்கள், அச்சு மையின் நச்சு சூட்டில் இறங்கும் என்று 2023 செப்டம்பரிலும் ஆணையம் எச்சரித்தது. காஞ்சிரங்குளத்துக் கடையில் வாழையிலைக் கிழிசல் இருந்தது. பக்கத்திலேயே வாழை நிற்கும்போது அதுவே மலிவு.

ஐந்தரைக்குப் பயணி புல்லுவிளைப் பக்கம் இறங்கினார். கடற்கரையோரத் தட்டுக்கடைகளில் நெத்தோலி பொரிகிறது. விரல் நீள மீன், மிளகாயும் மஞ்சளும் உப்பும் புரட்டி, முள்ளோடு முழுசாகக் கடிக்கிற மாதிரி. வலை இழுத்துவிட்டு வந்த இருவர் பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளங்கைகள் கயிறு அறுத்துத் தடித்திருக்கின்றன. ஒரு தட்டு நெத்தோலியை இருவரும் பேசாமல் பகிர்ந்து தின்கிறார்கள். காலை மூன்று மணிக்குக் கடலுக்குப் போய், கலோரிக் கணக்கில் பார்த்தால் நாம் ஒரு நாளில் செலவழிப்பதை விட வெகு கூடுதலாகச் செலவழித்தவர்கள். அந்தத் தட்டு அவர்களுக்கு ஆகாத உணவு என்று எந்த மருத்துவர் சொல்வார்? அதே தட்டு, அதே அளவில், பகலெல்லாம் கணினி முன் உட்கார்ந்தவருக்கு வேறு பொருள் தருகிறது. பண்டம் மாறவில்லை, தின்கிற உடம்பின் நாள் மாறிவிட்டது.

இருட்டிய பிறகு திரும்பும் வழியில் மறுபடி காஞ்சிரங்குளம். அக்காவின் அலமாரி ஏறக்குறைய காலி. சட்டி அடுப்பை விட்டு இறங்கியிருக்கிறது. துணி கட்டிய தகர டின்னில் எண்ணெயை வடித்துக்கொண்டிருக்கிறார். விளக்கொளியில் அது தேன்நிறத்தில் இருந்தது, கறுக்கவில்லை. இதை என்ன செய்வீர்கள் என்று கேட்டார் பயணி.

“நாளைக்கு வீட்டில தாளிக்க எடுக்கும். பின்னெ விளக்குக்கு. கடைக்குப் புது எண்ணெய்தான் அண்ணா, பிள்ளையள் தின்னுறதல்லவா?”

கல்லூரிப் பிள்ளைகளைச் சொல்கிறார். நான்கு ஏத்தக்காப்பம் மிச்சம் இருந்தது. வீட்டில் அம்மா இருப்பதைப் பயணி சொன்னதும், சூடு ஆறிப்போயிற்றே என்று அவர் வருத்தப்பட்டார். சட்டியை மறுபடி ஏற்றி, கீறி வைத்திருந்த கடைசிப் பழத்தை மாவில் முக்கினார். இரண்டு துண்டு. உதறி எடுத்து, வாழையிலையில் சுற்றி, அதன் மேல் தாள் சுற்றி, நார் கட்டிக் கொடுத்தார். ஆறிய நான்குக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நெய்யாற்றின்கரையில் நாகர்கோவில் பேருந்து கிடைத்தது. அமரவிளை, உதியன்குளங்கரை, பாறசாலை, களியக்காவிளை. பலகைகளின் எழுத்து மறுபடி மாறியது. மார்த்தாண்டம் வரும் முன்னே, குழித்துறைப் பாலத்தின் மேல், மடியிலிருந்த பொட்டலத்தின் அடியில் கை வைத்துப் பார்த்தார். இலைக்குள் இன்னும் சூடு இருந்தது.